பேராதனை அருணாசலம் விடுதி யாருக்காகக் கட்டப்பட்டது?

உப்புவெளியான்:
திருகோணமலையிலிருந்து பேராதனைக்குப் படிக்கப் போன பெரியவர்கள் அருணாசலம் விடுதியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் குரலே மாறிவிடுகிறது. அந்தப் பெருமிதத்தில் எனக்கு உடன்பாடில்லை. 1952 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனையின் மகாவலிக் கரைக்கு வந்தபோது, துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் தாம் படித்த கேம்பிரிட்ஜின் சாயலிலேயே விடுதி வாழ்க்கையை அமைத்தார். பரிசாரகர் பரிமாற உண்டு, ஆங்கிலத்திலேயே படித்த அச்சிறு கூட்டத்துக்கும் ஊர்ப்புறத்துக்கும் என்ன உறவு?

கன்னியா:
உறவு இருந்தது, ஐயா. 1945 இல் இலவசக் கல்வி வந்த பின், கட்டணம் அன்று, தங்குமிடமே எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தடையாயிற்று. கொழும்பில் உறவினர் வீடு உள்ளவர்களுக்கு அது புரியாது. கல்லோயா, மாகோ, பொல்காவலை என்று ரயிலில் சுற்றிப் போய்ச் சேர்ந்தவனுக்கு அங்கே ஒரு கட்டிலும் மேசையும் காத்திருந்தன என்பதைச் சாயல், பாவனை என்று தள்ளிவிட முடியுமா?

கோட்டையடி:
இடையில் ஒரு திருத்தம். முன்பு ஒருவர் இதை இராமநாதன் விடுதி என்று எழுதியிருந்தார். அது அருணாசலத்தின் அண்ணன் இராமநாதன் பெயரில் உள்ள வேறு விடுதி.

உப்புவெளியான்:
தங்குமிடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயரைத்தான் பாருங்கள். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1906 இலேயே பல்கலைக்கழகம் கேட்டு இயக்கம் நடத்தியவர்; நம் பிள்ளைகள் சிங்களத்தையும் தமிழையும் மறந்து வளர்வதைக் கண்டித்தவர். அவர் பெயர் பொறித்த விடுதியில் இருந்தவர்களோ, 1960 இல் கலைப்பீடத்தில் தாய்மொழிவழி மாணவர் சேரும் வரையில், ஆங்கிலத்திலேயே விரிவுரை கேட்டார்கள். இந்த முரணைப் பழைய மாணவர் எவரும் நினைவுகூர்வதில்லை.

கன்னியா:
முரணை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 1960க்குப் பின் மாணவர் தொகை பெருகி, ஒருவருக்கென்று வகுத்த அறைகளில் பலர் நெருங்கி வாழ்ந்தபோது, பரிசாரகரும் பாவனையும் போய், ஊர்ப்பிள்ளைகளே அங்கே பெரும்பான்மையானார்கள். நீங்கள் கேட்ட உறவு அதே கட்டடத்தில்தான் உண்டாயிற்று.

உப்புவெளியான்:
உண்டானது உண்மை. அதை ஜெனிங்ஸின் கணக்கில் எழுதுவதைத்தான் மறுக்கிறேன். 1945 இன் இலவசக் கல்வியின் கணக்கில் எழுதுங்கள்.