குடியம் பள்ளத்தாக்கில் நடந்த அனுபவங்கள்

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால், அல்லிக்குழி மலைகளின் மடிப்பில் இருக்கும் குடியம் குகைகளுக்கு நான் முதன்முதலில் சென்றது 2016ஆம் ஆண்டில். ஊரைத் தாண்டியதும் ஒற்றையடித் தடங்கள் ஐந்தாறாகப் பிரிந்தன. முட்புதர்க் காட்டில் மாட்டுத்தடம் எது, குகைக்குச் செல்லும் தடம் எது என்று தெரியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் அலைந்தோம். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான், "மாடு போற தடத்தை விடாதீங்க, அது ஓடையைச் சுத்திக்கிட்டுப் போகும்" என்று சொல்லிப் பாதித் தொலைவு உடன் வந்தார்.

பள்ளத்தாக்கின் முடிவில் பாறைச் சுவர் தலைக்கு மேல் கவிந்து நிற்கிறது. அதன் உடம்பெங்கும் உருண்டைக் கூழாங்கற்கள் பதிந்திருக்கின்றன. இவ்வட்டாரத்து ஆதிமனிதர்கள் கைக்கோடரி செதுக்க எடுத்துக்கொண்டது குவார்ட்சைட் எனப்படும் இத்தகைய கடினமான கற்களைத்தான். அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் நிலவியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863இல் கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியான ஆய்வு கூறியது. குடியத்திலும் 1960களில் அகழாய்வு நடந்தது.

2024 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்த 40 மலையேற்ற வழித்தடங்களில் குடியமும் இடம்பெற்றதை அறிந்து, மறுபடி சென்றேன். வழிகாட்டியாக வந்த இளைஞர் எங்களை அந்தப் பெரியவர் காட்டிய தடத்திலேயே அழைத்துச் சென்றது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. வேறு காடுகளில் சரிவை வெட்டிப் பாதை அமைக்கலாம், கிடைக்கும் கற்களைப் பொறுக்கி ஓரம் கட்டலாம்; இங்கே காலில் இடறும் கல்லே ஒரு கருவியாக இருக்கக்கூடும் என்பதால், மண்வெட்டி படாத பாதைதான் நல்ல பாதை. மழைநீர் தடத்திலேயே ஓடி அதை வாய்க்காலாக்காமல் திருப்பிவிட வேண்டுமென்றால், வெளியிலிருந்து கொண்டுவந்த மரக்கட்டைகளைச் சாய்வாகப் போடலாம் என்பது என் கருத்து.

திருவள்ளூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

கல்லைப் பற்றி நீங்கள் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். நான் சேர்க்க விரும்புவது தேனீக்களைப் பற்றி. குகையின் கூரை விளிம்பில் பெரிய தேனடைகள் தொங்குகின்றன. நாங்கள் சென்ற அன்று, குழுவில் ஒருவர் வாசனைத் திரவியம் பூசி வந்திருந்தார். நிழலுக்குள் நுழைந்த சில நிமிடங்களில் இரைச்சல் உயர்ந்தது. வழிகாட்டி கையால் சைகை காட்டி எங்களை ஓடவிடாமல், பேசவிடாமல், மெதுவாகப் பின்வாங்கச் செய்ததால் ஒருவருக்கு மட்டும் இரண்டு கொட்டுகள் விழுந்தன; மற்றவர்கள் கொட்டுப்படாமல் தப்பினோம். பாதை குகையின் நடுவில் போய் முடிவதைவிட, சுவர் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலுள்ள மரத்தடியிலேயே முடிந்தால் நமக்கும் தேனீக்களுக்கும் நல்லது.

புதிதாகச் செல்ல எண்ணுபவர்கள் நாளைக் குறிக்கும் முன் அனுமதி உள்ளதா என்று பாருங்கள். 2025இல் காட்டுத்தீக் காலத்தை முன்னிட்டுப் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை இவ்வழித்தடங்கள் மூடப்பட்டிருந்தன. குடிநீரை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஓடை பெரும்பாலான மாதங்களில் வறண்டே கிடக்கிறது.