ஷானன் ஒரே பாட்டோடு முடிந்தவரா?

பழைய ரெக்கார்டு:
எண்பதுகளின் அமெரிக்க டான்ஸ் பாட்டு என்றாலே இங்கே எல்லோரும் பாடகி ஷானனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 1983-இல் ‘லெட் தி மியூசிக் ப்ளே’ வந்தது, அடுத்த ஆண்டு அமெரிக்காவின் முதன்மைப் பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100-இல் 8-ஆம் இடம் பிடித்தது. அப்புறம்? அந்தப் பட்டியலின் முதல் 40-க்குள் அவர் திரும்ப வரவே இல்லை. அந்த ஒரு பாட்டும் தயாரிப்பாளர்கள் கிறிஸ் பார்போசா, மார்க் லிகெட் உழைப்பு. கோரஸில் கேட்கும் ஆண் குரல் ஜிமி டனலுடையது. வேறு யார் பாடியிருந்தாலும் ஓடியிருக்கும்.

தாளக்காரன்:
ஹெட்போன் மாட்டி இன்னொரு தடவை கேளுங்கள். ரோலண்ட் 808 என்ற டிரம் மெஷினின் கிக், ஸ்னேர் என்ற டிரம் அடிகள் நேராகப் போகாமல் இடறி இடறிப் போகும். அடியில் 303 என்ற இன்னொரு ரோலண்ட் மெஷினின் பேஸ் உருளும். எல்லாமே மெஷின். அதற்கு மேலே, தன்னோடு ஆடியவன் இன்னொருத்தியிடம் போய்விட்ட தவிப்பை ஷானன் கத்தாமல், கெஞ்சாமல் பாடுகிறார். கறாரான தாளம், மேலே நொந்த மனசு: ஃப்ரீஸ்டைல் என்ற டான்ஸ் இசை பாணியே இதுதானே! நியூயார்க்கிலும் மயாமியிலும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகள் பிற்பாடு வளர்த்தெடுத்ததும் இதைத்தான். ஆரம்பத்தில் இந்த பாணிக்கே ‘ஷானன் சவுண்ட்’ என்று பேர் இருந்தது.

ஹாட் 100 மட்டும்தான் கணக்கா? டான்ஸ் பாட்டுக்குச் சொந்த இடம் கிளப். பில்போர்டின் கிளப் பட்டியலில் ‘லெட் தி மியூசிக் ப்ளே’, ‘கிவ் மீ டுநைட்’, 1985-இல் ‘டூ யூ வான்னா கெட் அவே’, மூன்றுமே முதலிடம்.

பழைய ரெக்கார்டு:
சரி, முன்னோடிதான். ஆனால் நிலைத்து நிற்க வேண்டாமா? லிசா லிசாவைப் பாருங்கள். 1987-இல் மட்டும் ‘ஹெட் டு டோ’, ‘லாஸ்ட் இன் எமோஷன்’ இரண்டும் ஹாட் 100-இல் முதலிடம். ஊரெல்லாம் கேட்ட ஃப்ரீஸ்டைல் பாடகி அவர்தான்.

மாடி வானொலி:
அந்த இரண்டும் ஃப்ரீஸ்டைலா அண்ணா? அறுபதுகளின் மோட்டவுன் கம்பெனி சோல் பாட்டு வாசனைதான் தூக்கலாக அடிக்கிறது. 1985-இல் அவர் பாடிய ‘ஐ வொண்டர் இஃப் ஐ டேக் யூ ஹோம்’ அசல் ஃப்ரீஸ்டைல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உச்சிக்குப் போனது அதை விட்டு விலகிய பிறகு. எனக்கு லிசாவை ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் இந்த ஒப்பீடு ஷானனுக்கு அநியாயம். 1997-இல் தயாரிப்பாளர் டாட் டெரி ‘இட்ஸ் ஓவர் லவ்’ பாட ஷானனைக் கூப்பிட்டார். அடுத்த வருடம் ஜெர்மனியின் சாஷ்! குழுவோடு பாடிய ‘மூவ் மேனியா’ பிரிட்டனில் 8-ஆம் இடம்.

பழைய ரெக்கார்டு:
இரண்டிலும் அவர் விருந்தாளிதான். பாட்டு அவர்களுடையது. தயாரிப்பாளர்கள் கையில் இருக்கும் இசை இது என்றுதானே நானும் சொல்கிறேன்?

தாளக்காரன்:
பதினாலு வருடம் கழித்து, ஊரில் பாடகிகளுக்குப் பஞ்சமே இல்லாத நேரத்தில், இவரையே தேடி வந்தது தயாரிப்பாளர்கள்தானே? ‘லெட் தி மியூசிக் ப்ளே’வுக்கு கிராமி பரிந்துரை கிடைத்ததும் ஆர் அண்ட் பி-யில் சிறந்த பெண் குரல் பிரிவில். அது தாளத்துக்குக் கிடைத்தது இல்லை, அவர் பாடியதற்குக் கிடைத்தது.