மார்கழியில் புதுக்கோட்டைக் குன்றுகள்: கணவரோடு ஒரு பகல்

விடுமுறை நாளைக் கூரைக்கு அடியில் கழிப்பது என் கணவருக்கு ஒவ்வாது. ஏறுவதற்கு ஒரு பாறையோ நடப்பதற்கு ஒரு கரையோ இருந்தால் போதும், பசியைக்கூட மறந்துவிடுவார். எனக்குக் கல்வெட்டும் சிற்பமும் பழைய ஊர்களின் தெருக்களும் வேண்டும். இந்த இரண்டு விருப்பங்களும் ஒரே பகலில் நிறைவேறும் வட்டாரம் ஒன்று திருச்சிக்கு மிக அருகிலேயே இருக்கிறது. கீரனூர், நார்த்தாமலை, சித்தன்னவாசல், அன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர், விராலிமலை என்று சுற்றிக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனால் இதற்கு மார்கழியும் தையுமே உரிய காலம். சித்திரையில் அந்தப் பாறைகளின்மேல் வெறுங்காலை வைக்க முடியாது; கண்மாய்களும் வெடித்துக் கிடக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழை தேங்கி நிற்கும் இந்த இரண்டு மாதங்களில்தான் அந்த நிலம் ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்பது கண்ணுக்குப் புலப்படும்.

இருள் பிரியும் முன்பே கிளம்பி, கீரனூரில் தேநீர் குடித்துவிட்டு, நார்த்தாமலையின் மேலமலை அடிவாரத்தை அடைந்தபோது பனி இன்னும் விலகியிருக்கவில்லை. பாறை ஈரமாக இருந்ததால் மெதுவாக ஏறினோம். வழியில் ஒரு சுனை இருக்கிறது. அதன் அடியில், நீருக்குள், பாறையைக் குடைந்து செய்த கோயிலான ஒரு குடைவரையும் சிவலிங்கமும் உள்ளன. நீரை முழுவதும் இறைத்தால்தான் காண முடியும். அங்கே ஆடுகளை ஓட்டி வந்திருந்த வயதான அம்மா ஒருவர், என் கணவர் குனிந்து நீரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, “என்ன அப்பு, சாமியத் தேடுறியளா? தண்ணி இருக்கயில சாமி தெரியாது, தண்ணி இருந்தாத்தான் நமக்கு நல்லது” என்றார். மலைமேல் பெய்கிற மழை ஒரு சொட்டுக்கூட பாறைக்குள் இறங்காது என்றும், அத்தனையும் வழிந்து அடிவாரக் குளத்துக்குத்தான் போகும் என்றும், எந்தச் சரிவின் நீர் எந்தப் பக்கம் இறங்கும் என்றும் கையை நீட்டிக் காட்டினார். காவிரிக் கரையில் ஆற்றுப்பாசனத்தைப் பார்த்து வளர்ந்த என் கணவருக்கு அது புதிய பாடமாக இருந்தது. வற்றாத ஆறு இல்லாத மாவட்டத்தில் இந்த மொட்டைப் பாறைகளே நீர்பிடிப்பு நிலம் என்பதை அவர் அன்று முழுவதும் சொல்லிக்கொண்டே வந்தார்.

மேலே விஜயாலய சோழீச்சரம். சதுரமான வெளிச்சுவருக்குள் வட்டமான கருவறை கொண்ட 9ஆம் நூற்றாண்டுக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில். பெயரில் சோழன் இருந்தாலும், அங்குள்ள கல்வெட்டு இதை எடுப்பித்தவர் இளங்கோவதியரையர் என்னும் முத்தரையர் தலைவர் என்றும், மழையால் இடிந்து அழிந்தபின் மல்லன் விதுமன் என்பவர் புதுப்பித்தார் என்றும் சொல்கிறது. அந்த மழை என்னும் சொல்லை இதற்கு முன்பும் படித்திருக்கிறேன். ஆனால் ஈரப் பாறையில் நின்று, நீர் வழிந்த கருந்தாரைகளை நாற்புறமும் பார்த்தபடி படித்தபோதுதான், அந்தச் சரிவில் ஒரு கோயிலை நிறுத்தி வைப்பது எத்தகைய துணிவு என்பது எனக்கு உறைத்தது. எதிரே இரண்டு குடைவரைகள். ஒன்று பழியிலி ஈச்சரம்; மற்றொன்று சமணர் குடகு என்று வழங்கப்பட்டாலும் இப்போது பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கும் மண்டபம். கல்வெட்டைப் படிக்க எனக்கு நேரம் தேவைப்பட்டது. அவர் அதற்குள் முகடு வரை போய் வந்து, நான்கு திசையிலும் எங்கெங்கே நீர் மின்னுகிறது என்று விவரித்தார். இப்படி ஒருவரை ஒருவர் அவசரப்படுத்தாமல் இருக்க இடம் தருகிற ஊர்கள், இணையராகப் பயணம் போகிறவர்களுக்கு மிகவும் ஏற்றவை என்று உறுதியாகச் சொல்வேன்.

சித்தன்னவாசலுக்குப் போகும் வழியில், ஒரு கண்மாய்க் கரையில் அவர் வண்டியை நிறுத்தினார். நாமக்கோழிகளும் முக்குளிப்பான்களும் நீரில் இருந்தன. தகைவிலான் குருவிகள் தாழப் பறந்தன. குளிர்காலத்துக்கு வருகிற வாலாட்டிகள் கரையில் ஓடிக்கொண்டிருந்தன. நான் கவனித்தது கரையிலிருந்து சற்று உள்ளே நீரில் நின்ற இரண்டு கல்தூண்களையும், அவற்றைக் குறுக்காக இணைத்த பலகைக் கற்களையும். மடை பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டபோது, “அதுதான் குமிழி” என்று சொல்லிவிட்டு, அது வேலை செய்யும் விதத்தைப் பொறுமையாக விளக்கினார். தூண்களுக்கு அடியில் கல்தொட்டி ஒன்று உண்டு. அதன் மூடியில் உள்ள துளையை அடைக்கும் குழவிக் கல்லை உயர்த்தினால், நீர் சுழன்று இறங்கி, கரைக்கு அடியில் போகும் சுருங்கை வழியே வயலுக்குப் பாயும். மேலே இருப்பது நீரோடித் துளை, தரைமட்டத்தில் இருப்பவை சேறோடித் துளைகள். ஆகவே நீரோடு படிவும் வெளியேறி, கண்மாய் மேடிட்டுப் போவது குறையும். முன்பெல்லாம் ஆள் நீரில் இறங்கித்தான் திறப்பார் என்றார் அவர். தூம்பு என்று சொல்லப்படும் இவ்வகை மதகுகளின் தூண்கள் சிலவற்றில் அவற்றை நிறுவியவரின் பெயரோடு கல்வெட்டுகளும் உண்டு. புதுக்கோட்டை வட்டாரத்துக்குப் போகிறவர்கள் கோயில்களை மட்டும் பார்த்துவிட்டு இந்தத் தூண்களைக் கடந்து போவது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. கற்றளிகளைக் கட்டிய அதே கைத்திறன்தான் நீருக்கு அடியிலும் இருக்கிறது.

கண்மாயிலிருந்து நேரே சித்தன்னவாசலில் உள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலுக்குள் போனதால், விதானத்தில் இருக்கிற தாமரைக் குளம் அன்று வேறாகத் தெரிந்தது. மீன்கள், பறவைகள், எருமைகள், யானைகள், மலர் பறிக்கும் ஆடவர் என்று அந்த ஓவியம் விரிகிறது. சமண மரபில் அந்தக் குளத்துக்குச் சமய விளக்கம் உண்டு. ஆயினும் வரைந்தவர் இந்த நாட்டுக் கண்மாய்களை மழைக்குப் பின் கண்ணாரப் பார்த்தவர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. என் கணவர் வழக்கமாகக் குடைவரைக்குள் சில நிமிடங்களுக்குமேல் தங்க மாட்டார். அன்று தலையை அண்ணாந்தபடி, சற்று முன் பார்த்த பறவைகளை ஓவியத்தில் தேடி நின்றார். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்த செய்தி அங்கே கல்வெட்டில் இருக்கிறது. காவலர், எங்கள் ஆர்வத்தைக் கண்டு, வாசல் வெளிச்சம் எந்தப் பகுதியில் நன்றாக விழும் என்று இடம் மாறி நிற்கச் சொன்னார். பிறகு குன்றின் முகட்டைத் தாண்டி, சமண முனிவர்கள் தங்கிய குகையான ஏழடிப்பட்டத்துக்குப் போனோம். செங்குத்தான சரிவின் ஓரமாகப் போகும் வழியில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த கற்படுக்கைக்கு முன் அவரை நிறுத்தி, எழுத்தெழுத்தாக நான் படித்துக் காட்டினேன்.

அன்னவாசலில் மதிய உணவு. வெளியே பனங்கிழங்குக் கட்டுகள் விற்றார்கள், வாங்கிக்கொண்டோம். குடுமியான்மலையில் பாறைமேல் செதுக்கிய இசைக் கல்வெட்டையும், உயரத்தில் வரிசையாக அமர்ந்திருக்கும் 63 நாயன்மாரையும் பார்த்ததைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. அது தனியே எழுத வேண்டியது.

வெயில் சாய்ந்தபின் கொடும்பாளூர். மதுரைக்குப் போகும் வழி கொடும்பை நெடுங்குளத்தின் கரையில் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறதல்லவா, அந்தக் கொடும்பை இதுவே என்பர். இருக்குவேள் என்னும் குறுநில மன்னர் மரபின் பூதி விக்கிரமகேசரி, தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்று பெயர் கொண்ட தன் இரு தேவியர் பெயராலும் எடுப்பித்த மூவர் கோயிலில் இரண்டு விமானங்களே நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. “மூன்றாவது யாருடையது?” என்று கேட்டார் என் கணவர். கல்வெட்டில் இருக்கும் பெயர்களைச் சொன்னேன். அவர் அடித்தளத்தைச் சுற்றி நடந்து, பக்கத்துக் கிணற்றில் நீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கப் போனார்.

விராலிமலையில் மயில்கள் அடையும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முருகன் சந்நிதியில் தரிசனம் முடித்து இறங்கும்போதே அடுத்த பயணத்தைப் பற்றிப் பேச்சு எழுந்துவிட்டது. தையில் திருமயம் கோட்டைப் பாறைமேல் ஏற வேண்டும் என்பது அவர் விருப்பம். அங்கே அருகருகே இருக்கும் சிவன், திருமால் குடைவரைகளுக்கு அரை நாள் ஒதுக்குவதாக இருந்தால் சம்மதம் என்று சொல்லியிருக்கிறேன்.