பிரைமரியில் நம் ஓட்டு எங்கே நழுவுகிறது? தேதி, படிவம், டெலிகேட் கணக்கு

நியூயார்க்கிலிருந்து

அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் இந்த ஊர்ச் சாவடிகளில் திரும்பத் திரும்ப நடப்பது ஒன்று உண்டு. வாக்காளர் வருவார், பட்டியலில் பெயர் இருக்கும், கட்சி என்ற இடம் மட்டும் காலியாக இருக்கும். இது மூடிய பிரைமரி. கட்சியில் பதிந்தவருக்குத்தான் சீட்டு. முதன்முதலில் பதிவுப் படிவம் நிரப்பும்போது "கட்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அந்தக் கட்டத்தை விட்டிருப்பார். அந்த "அப்புறம்" எப்போது முடிகிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2016இல் இது எவ்வளவு மோசமாக இருந்தது என்று பாருங்கள். பிரைமரி ஏப்ரல் 19. ஏற்கெனவே பதிந்தவர் கட்சி மாறவோ, காலிக் கட்டத்தை நிரப்பவோ கடைசி நாள் 2015 அக்டோபர் 9. ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களின் முதல் விவாதமே அக்டோபர் 13இல்தான் நடந்தது. யார் என்ன பேசப்போகிறார் என்று கேட்பதற்கு நாலு நாள் முன்பே கதவைச் சாத்திவிட்டார்கள். டிரம்ப்பின் பிள்ளைகள் இவாங்கா, எரிக் இருவருமே கட்சி மாற்றத் தவறியதால் அப்பாவுக்கு ஓட்டுப் போட முடியவில்லை. புருக்ளினில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்த கொடுமை தனி.

இப்போது கெடு பிப்ரவரி 14. அதற்குப் பின் கொடுக்கும் கட்சி மாற்றப் படிவம் ஜூன் பிரைமரி முடியும்வரை கிடப்பில்தான் இருக்கும். ஆகவே ஜனவரியிலேயே மாநிலத் தேர்தல் வாரியத்தின் தளத்தில் உங்கள் பெயருக்கு நேரே எந்தக் கட்சி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். முறையாகப் பதிந்தும் சாவடிப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் அஃபிடவிட் பேலட் (உறுதிமொழியில் கையெழுத்திட்டுப் போடும் சீட்டு) கேளுங்கள், மறுக்க முடியாது. ஆனால் கட்சிக் கட்டம் காலியாக இருப்பவரை அது காப்பாற்றாது. எண்ணும்போது தள்ளிவிடுவார்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து

ஆற்றுக்கு இந்தப் பக்கம் விதி வேறு. இங்கே கட்சி சேராதவர் சாவடிக்கு வந்து அங்கேயே கட்சியைச் சொல்லி ஓட்டுப் போடலாம். ஏற்கெனவே ஒரு கட்சியில் இருப்பவர்தான் மாறுவதற்கு 55 நாள் முன்பே படிவம் கொடுக்க வேண்டும். நியூயார்க்கிலிருந்து வீடு மாறி வந்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு, போடக்கூடிய ஓட்டையும் போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் ஆதங்கம் தேதியைப் பற்றியது. 2024இல் பைடன், டிரம்ப் இருவருக்கும் தேவையான டெலிகேட்டுகள் (கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவுசெய்யும் பிரதிநிதிகள்) மார்ச் 12க்கே சேர்ந்துவிட்டன. நியூ ஜெர்சி ஓட்டுப் போட்டது ஜூன் 4. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சாப்பிடக் கூப்பிட்டது போல. தாமதமாக நடத்தும் மாநிலங்களுக்கு ஜனநாயகக் கட்சி கூடுதல் டெலிகேட் தருவது உண்மை: 2020 விதிப்படி ஏப்ரலுக்கு 10 சதவீதம், மே, ஜூனுக்கு 20 சதவீதம். களத்தில் ஒருவரே மிஞ்சியிருக்கும்போது அந்த ஊக்கத்தொகையால் வாக்காளருக்கு ஒன்றும் கூடுவதில்லை. ஆனாலும் போய்ப் போடுங்கள். அதே சீட்டில்தான் காங்கிரஸ், கவுண்டிப் பதவிகளுக்கான வேட்பாளர்களும் இருக்கிறார்கள். அங்கே சில நூறு ஓட்டு முடிவையே மாற்றும்.

கலிபோர்னியாவிலிருந்து

இங்கே குழப்பம் தபால் உறையில் தொடங்குகிறது. "கட்சி விருப்பம் இல்லை" என்று பதிந்தவருக்கு மாவட்ட அலுவலகம் முன்கூட்டியே ஒரு அஞ்சலட்டை அனுப்பும். எந்தக் கட்சியின் அதிபர் சீட்டு வேண்டும் என்று குறித்துத் திருப்பி அனுப்பச் சொல்லும். விளம்பரக் காகிதங்களோடு அதையும் குப்பையில் போட்டுவிடுவார்கள். பிறகு வரும் வாக்குச்சீட்டில் செனட் இருக்கும், நீதிபதி இருக்கும், அதிபர் போட்டி மட்டும் இருக்காது. அச்சுப்பிழை என்று நினைத்து அப்படியே அனுப்பிவிட்டால் தீர்ந்தது.

அந்தச் சீட்டை நிரப்பாமல் எடுத்துக்கொண்டு வாக்கு மையத்துக்குப் போங்கள். அதை ஒப்படைத்துவிட்டு "கிராஸ் ஓவர் டெமாக்ரடிக் பேலட்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொல்லாமல் "அதிபர் சீட்டு கொடுங்கள்" என்றால் மேசையில் இருப்பவருக்கே சில நேரம் புரிவதில்லை. குடியரசுக் கட்சிச் சீட்டு வேண்டுமென்றால் அந்தக் கட்சியில் மறுபதிவு செய்தாக வேண்டும். அன்றைக்கே, அங்கேயே செய்யலாம்.

இன்னொரு பொறி: "அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் பார்ட்டி". "இண்டிபெண்டன்ட்" என்ற சொல்லைப் பார்த்து, எந்தக் கட்சியும் சாராதவர் என்று பொருள் கொண்டு அதில் டிக் அடித்தவர்கள் ஏராளம். அது தனிக் கட்சி. அதில் பதிந்தவருக்கு ஜனநாயகக் கட்சிச் சீட்டு கிடைக்காது.

தபாலில் சீக்கிரம் போடுவதிலும் யோசனை வேண்டும். 2020இல் கலிபோர்னியா உள்படப் பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் சூப்பர் டியூஸ்டே மார்ச் 3. ஜனநாயகக் கட்சிப் போட்டியில் இருந்த புட்டஜஜ் மார்ச் 1, குளோபச்சார் மார்ச் 2 அன்று விலகினார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே அனுப்பிய ஓட்டுகளைத் திரும்ப வாங்க வழியில்லை. கூட்டம் நிறைந்த போட்டி என்றால் சீட்டை வீட்டிலேயே வைத்திருந்து, கடைசி நாள் டிராப் பாக்ஸில் போடுவதே நல்லது.

டெலிகேட் கணக்கு கேட்டவர்களுக்கு

"எங்கள் வேட்பாளர் இவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தாரே, டெலிகேட் மட்டும் ஏன் சமம்?" என்பதற்கு விடை வகுத்தல் கணக்கில் இருக்கிறது. ஜனநாயகக் கட்சியில் டெலிகேட்டுகளில் பெரும்பகுதியைக் காங்கிரஸ் தொகுதிவாரியாகப் பிரிப்பார்கள். ஒரு தொகுதிக்கு 4 இடம். ஒருவருக்கு 61 சதவீதம், மற்றவருக்கு 39. 4ஆல் பெருக்கினால் 2.44, 1.56. முழு எண்ணாக 2, 1 கொடுத்த பிறகு மிஞ்சும் ஓரிடம் பெரிய பின்னம் யாருக்கோ அவருக்கு. முடிவு 2-2. 22 புள்ளி முன்னிலைக்குக் கிடைத்த லாபம் பூஜ்யம். 3-1 ஆக வேண்டுமென்றால் 62.5ஐத் தாண்ட வேண்டும்.

பக்கத்துத் தொகுதிக்கு 5 இடம் என்று வையுங்கள். அங்கே 51-49 என்றாலே 3-2. இரட்டைப்படைத் தொகுதியில் முட்டி மோதி வாங்கிய 61ஐ விட, ஒற்றைப்படைத் தொகுதியில் வாங்கிய 51க்கு மதிப்பு அதிகம். உங்கள் தொகுதிக்கு எத்தனை இடம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிரசாரக் குழுக்கள் அதைப் பார்த்துத்தான் பணம் செலவழிக்கின்றன.

அடுத்தது 15 சதவீத வாசல்: அதற்குக் குறைவாக வாங்கியவருக்கு டெலிகேட் இல்லை. ஐந்து பேர் போட்டி: 40, 22, 14, 13, 11. கடைசி மூவருக்கும் ஒன்றும் கிடையாது. 100இல் 38 ஓட்டு கணக்கிலிருந்தே போய்விடும். மீதி 62ஐ முழுமையாகக் கொண்டு, 5 இடத்தைப் பிரித்தால் 3.23, 1.77. முடிவு 3-2. 22 வாங்கியவருக்கு ஐந்தில் இரண்டு, 14 வாங்கியவருக்கு வெறுங்கை. இந்த வாசல் தொகுதிக்குத் தனி, மாநிலத்துக்குத் தனி. மாநில அளவில் 13 வாங்கியவர் ஒரு தொகுதியில் 16 வாங்கியிருந்தால் அங்கே மட்டும் ஓரிடம் கிடைக்கலாம்.

காக்கஸ் (கட்சியே கூட்டம் கூட்டித் தேர்வு செய்யும் முறை) என்றால் இதன் மேல் இன்னும் இரண்டு முறை வகுப்பார்கள். அயோவாவில் 2020இல் சிறிய வாக்குப்பகுதிகளில் வாசலே உயர்ந்துவிடும்: 2 இடமுள்ள பகுதியில் 25 சதவீதம். 4 இடமோ அதற்கு மேலோ இருந்தால்தான் 15. அதிலும் பின்னத்தை மேலே தூக்குவார்கள். 101 பேர் வந்திருந்தால் 15.15 அல்ல, 16 தலை வேண்டும். அந்த ஓர் ஆள் குறைந்தால் குழுவே கலைய வேண்டியதுதான். சமநிலை வந்தால் நாணயம் சுண்டினார்கள். அந்த பிப்ரவரி 3 இரவு முடிவு அனுப்பும் செயலி சொதப்பியது, தொலைபேசி இணைப்புகள் நெரிந்தன, முடிவு வரப் பல நாள் ஆனது. கடைசியில் தலை எண்ணிக்கையில் சாண்டர்ஸ் முன்னால், தேசிய டெலிகேட்டில் புட்டஜஜ் 14, சாண்டர்ஸ் 12. 2008இல் நெவாடாவிலும் இதே கதை: காக்கஸில் வென்றவர் ஹிலாரி, டெலிகேட் ஒபாமாவுக்கு 13, ஹிலாரிக்கு 12. இரண்டுமே விதிப்படி சரிதான். அந்த விதியில்தான் கோளாறு.

நெவாடாவிலிருந்து

2024இல் இங்கே நடந்ததை இன்னும் பலர் நம்ப மறுக்கிறார்கள். மாநிலச் சட்டப்படி பிப்ரவரி 6 பிரைமரி. குடியரசுக் கட்சி அதை ஏற்காமல் பிப்ரவரி 8 தனியாகக் காக்கஸ் வைத்தது. பிரைமரியில் நின்றவர் காக்கஸில் நிற்கக் கூடாது என்றும் விதி போட்டது. ஆகவே வீட்டுக்கு வந்த தபால் சீட்டில் டிரம்ப் பெயர் இல்லை. அவரை எதிர்த்த நிக்கி ஹேலி பெயர் இருந்தது. நம்ம ஊர் நோட்டா போல இங்கே "இவர்களில் எவருமில்லை" என்ற கட்டம் 1970களிலிருந்தே உண்டு. அந்தக் கட்டம் ஹேலியைத் தோற்கடித்தது. 26 டெலிகேட்டுகளும் காக்கஸ் வழியாகத்தான், பிரைமரிக்கு ஒன்றுகூடக் கிடையாது. காக்கஸோ மாலை 5 முதல் 7.30 வரை, அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும். கேசினோவில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் நிறைந்த ஊரில் இது யாரை வெளியே நிறுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. இனி ஒரே வாரத்தில் இரண்டு தேதி வந்தால், டெலிகேட் எதில் என்பதைக் கட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பென்சில்வேனியாவிலிருந்து

ஒன்று சேர்க்கிறேன். 2016இல் இங்கே குடியரசுக் கட்சிக்கு 71 டெலிகேட். மாநிலத்தில் வென்றவருக்குக் கட்டுப்பட்டவர்கள் 17 பேர் மட்டுமே. மீதி 54 பேர், தொகுதிக்கு மூவர் வீதம், சீட்டில் நேரடியாகப் பெயர் போட்டு நின்றார்கள். அவர் யாருக்கு ஆதரவு என்று சீட்டில் ஒரு வரி இல்லை. விவரம் தெரியாதவர் மேலே வேட்பாளரைக் குறித்துவிட்டு, கீழே கண்ணில் பட்ட மூன்று பெயரைக் குறித்தார், அல்லது காலியாக விட்டார். இப்படிப்பட்ட சீட்டு வந்தால் மாதிரி வாக்குச்சீட்டை முன்பே இறக்கி, மூன்று பெயரையும் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

வாஷிங்டன் மாநிலத்திலிருந்து

இங்கே எல்லாம் தபால்தான். சீட்டில் இரண்டு கட்சி வேட்பாளர்களும் இருப்பார்கள். ஒரு கட்சியில் மட்டும் குறிக்க வேண்டும். அதோடு உறையின் வெளிப்புறத்தில் அதே கட்சியின் கட்டத்தில் டிக் அடித்து, கீழே கையெழுத்து. "வெளியே தெரியும்படி கட்சியை ஏன் சொல்ல வேண்டும்" என்று அந்தக் கட்டத்தை விடுபவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. விட்டால் உள்ளே இருக்கும் ஓட்டு எண்ணப்படாது. நீங்கள் எந்தக் கட்சிச் சீட்டைப் போட்டீர்கள் என்பது கட்சிகளுக்குத் தெரியும், யாருக்குப் போட்டீர்கள் என்பது தெரியாது. அனுப்பிய இரண்டு மூன்று நாளில் மாநிலத் தளத்தில் உறையின் நிலையைப் பாருங்கள். குறை இருப்பதாகக் காட்டினால் முடிவு உறுதியாகும் நாளுக்குள் சரிசெய்து கொடுக்கலாம்.