அத்தனை உயரத்தில் தொங்குகிறவனுக்குப் பயமே வராதா?

உப்புக்காற்று எழுதியது:

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தீவில் உயரம் என்றால் கந்தமாதன பர்வதம்தான், பெயர்தான் பர்வதம், மூச்சு வாங்க ஆரம்பிப்பதற்குள் ஏறி முடித்துவிடலாம். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் சித்தி மகனுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு வந்தால் ராமநகரா, சாவனதுர்கா என்று பாறை ஏறப் போய்விடுகிறான். இப்போது அமெரிக்காவில் யோசெமிட்டி என்ற இடத்தில் எல் கேப்பிட்டன் என்று ஒரு பாறை இருக்கிறதாம், சுமார் 900 மீட்டர், சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது, அதில் ஏறப் பணம் சேர்க்கிறேன் என்கிறான். வீடியோ அனுப்பினான். கட்டிலில் படுத்துப் பார்த்த எனக்கே உள்ளங்கை வேர்த்துவிட்டது. கடலில் எத்தனையோ பார்த்த என் அப்பா முழுசாகப் பார்த்துவிட்டு, "இதுக்கு சம்பளம் எவ்வளவுடா?" என்று கேட்டார். ஒன்றும் கிடையாது, கைக்காசுதான் போகும் என்றதும் போனை என்னிடமே கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

சித்திக்கு அவன் ஏதோ ட்ரெக்கிங் போகிறான் என்றுதான் தெரியும். என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறான், அதுதான் தலைவலி. இவர்களுக்குப் பயமே இல்லையா, இல்லை இருந்தும் போகிறார்களா? போய் என்ன கிடைக்கிறது? அவனைத் தடுப்பதா விடுவதா என்று தெரியாமல்தான் கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரைக்காரன் எழுதியது:

நானும் பெங்களூரில் இருந்தபோது சாவனதுர்காவில் ஏறியவன்தான், பெரிய ஆள் இல்லை. முதலில் ஒன்று, தம்பி அனுப்பிய வீடியோவில் கயிறு இருந்ததா இல்லையா என்று பாருங்கள். கயிறே இல்லாமல் எல் கேப்பிட்டனில் ஏறியவர் அலெக்ஸ் ஹானால்ட், 2017 ஜூன் 3, நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக. அவர் வேறு ரகம். அவர் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், மற்றவர்களை உலுக்குகிற படங்களைக் காட்டியும் அமிக்டலா என்கிற பகுதி, பயம் கிளம்புகிற இடம் என்று சொல்வார்களே, அங்கே பெரிதாக ஒன்றும் அசையவில்லை. உடனே பிறவியிலேயே பயமில்லாதவர் என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. அதே பாதையில் கயிறு கட்டி மறுபடி மறுபடி ஏறி, எந்த இடத்தில் எந்த விரல், எந்தக் கால் என்று மனப்பாடம் செய்த மனிதர் அவர். அதைவிட முக்கியம், 2016-லேயே ஒருமுறை கயிறில்லாமல் கிளம்பி, இன்றைக்குச் சரியாக இல்லை என்று தோன்றியதும் திரும்பிவிட்டார். படம் பிடிக்க ஆட்கள் தயாராகக் காத்திருந்த நாள் அது.

மற்றபடி பெரிய சுவரில் ஏறுகிற கிட்டத்தட்ட எல்லோரும் இடுப்பில் ஹார்னெஸ் என்கிற பட்டை, அதில் கட்டிய கயிறு, கீழே கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஒரு கூட்டாளி என்றுதான் போகிறார்கள். தவறி விழுந்தால் சில மீட்டர் போய் கயிற்றில் நிற்பார்கள். ஏறுவதை விட இறங்குவதில்தான் எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும். பிராட் கோப்ரைட் என்று ஒருவர், எல் கேப்பிட்டனில் வேகச் சாதனை வைத்திருந்தவர், 2019-இல் மெக்சிகோவில் கயிறு வழியாக இறங்கும்போது கயிற்றின் முனை இறங்கும் கருவியை விட்டு நழுவிப்போய் விழுந்து இறந்தார். முனையில் முடிச்சு இருந்தால் கருவியில் தட்டி நின்றிருக்கும், போட்டிருக்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரருக்கு, அவ்வளவு சின்ன விஷயம். உங்கள் தம்பிக்குப் பயம் இருக்கிறதா என்று கேட்பதை விட, இறங்கும்போது முடிச்சு போடுகிறானா என்று கேளுங்கள்.

நாலும்தெரிந்தவன் எழுதியது:

வெட்டி வேலைக்கு இவ்வளவு விளக்கமா? வீடியோவில் ஜெயித்தவன் மட்டும்தான் வருவான் சார். சுவிட்சர்லாந்து ஐகர் மலையின் வடக்குச் சுவரில் 1936-இல் நடந்ததைத் தேடிப் படியுங்கள். நாலு பேர் ஏறினார்கள். வழுக்கலான ஓர் இடத்தைக் கயிறு கட்டிக் குறுக்கே கடந்துவிட்டு, இனி எதற்கு என்று அந்தக் கயிற்றை உருவிக்கொண்டார்கள். மேலே ஒருவருக்குக் கல் பட்டுக் காயம், திரும்பி வந்தால் அந்த இடம் பனி மூடிக் கிடக்கிறது, கடக்க முடியவில்லை. மூன்று பேர் செத்துப்போனார்கள். டோனி குர்ட்ஸ் என்பவர் மட்டும் ராத்திரி முழுக்கத் தொங்கிக் கிடந்து, மறுநாள் மீட்க வந்தவர்களுக்கு எட்டும் தூரத்துக்கே இறங்கி வந்தார். இரண்டு கயிறுகளைச் சேர்த்துப் போட்ட முடிச்சு, இறங்குவதற்காகக் கயிற்றைக் கோத்திருந்த கேரபைனர் என்ற இரும்பு வளையத்துக்குள் நுழையவில்லை. விறைத்துப்போன கையோடு எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டு, அவர்கள் தலைக்கு மேலேயே செத்துப்போனார்.

அதற்கு இரண்டே வருடத்தில், 1938-இல், அதே சுவரில் இன்னொரு நாலு பேர் ஏறி முடித்தார்கள். இதை என்னவென்று சொல்வது? தடுத்து நிறுத்துங்கள் என்பேன்.

பனங்காட்டுப்பிள்ளை எழுதியது:

சாயல்குடிப் பக்கம் எங்கள் ஊர், அப்பா பனையேறி. உப்புக்காற்று அண்ணே, உங்கள் அப்பா கேட்ட சம்பளக் கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன், எங்கள் அப்பா சம்பளத்துக்காக ஏறியவர்தான். அவருக்குப் பயம் இல்லையா என்றால், பயம் இல்லாமலா தினமும் அப்படிச் சோதித்துக்கொண்டிருந்தார்? இரண்டு பாதத்தையும் சேர்த்து மாட்டுகிற நாரில் காலை விட்டதும் அடிமரத்திலேயே இரண்டு உதை உதைத்துப் பார்ப்பார். நேற்று மாட்டிய அதே நார்தான், இருந்தாலும் உதைப்பார். ராத்திரிப் பனி பெய்து மரம் ஈரமாக இருந்தால் வெயில் ஏறும்வரை அடியிலேயே பீடியோடு உட்கார்ந்திருப்பார். நேரம் ஆக ஆக மேலே கலயத்தில் பதநீர் புளித்துக்கொண்டிருக்கும், அம்மா சத்தம் போடுவார், அவர் அசையமாட்டார். மேலே போய்விட்டால் பாளை சீவ இரண்டு கையும் வேண்டும், மரத்தைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. கச்சான் காற்று வீசுகிற மாசத்தில் உச்சி எப்படி ஆடும் என்று பார்த்திருப்பீர்கள்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். ஊருணிக் கரையில் ஒற்றைப் பனை ஒன்று நின்றது, எங்கள் பக்கத்திலேயே அதுதான் நெட்டை, வயசான மரம், பாளை ஒழுங்காக விடாது, பத்துப் பைசா வருமானம் கிடையாது. வருசத்துக்கு ஒரு தடவையாவது அதில் ஏறிவிடுவார். எதுக்குப்பா என்று கேட்டால், "அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு" என்பார். அதனால் கூலிக்கு ஏறுகிறவர் வேறு, ஆசைக்கு ஏறுகிறவர் வேறு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரே வித்தியாசம், அப்பா விழுந்திருந்தால் ஒருவரும் படம் பிடித்திருக்கமாட்டார்கள்.

உப்புக்காற்று எழுதியது:

தங்கச்சி, ஒற்றைப் பனைக் கதையை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கேட்டார். கீழக்கரைக் காக்கா, இன்னொன்று. அந்தச் சுவரில் நாள் கணக்காக இருப்பார்களாமே, தூங்குவது எப்படி? ராத்திரி முழிப்பு வந்து கீழே பார்த்தால் என்ன ஆகும்?

கீழக்கரைக்காரன் எழுதியது:

போர்ட்டாலெட்ஜ் என்று மடக்குக் கட்டில் மாதிரி ஒன்று, சுவரில் அடித்த பிடியில் தொங்கவிட்டு அதில் படுப்பார்கள், தூங்கும்போதும் ஹார்னெஸைக் கழற்றமாட்டார்கள். தண்ணீர், சாப்பாடு எல்லாம் பெரிய பையில் கட்டிப் பின்னாலேயே இழுத்து ஏற்ற வேண்டும், உண்மையில் பாதி நேரம் அந்த மூட்டை இழுக்கிற கூலி வேலைதான். கழிவைக்கூட டப்பாவில் அடைத்துக் கூடவே கொண்டுபோக வேண்டும், வீடியோவில் அதைக் காட்டமாட்டார்கள்.

பயத்தைப் பற்றி நான் பார்த்த வரைக்கும், கை வேலையாக இருக்கும்போது அது ஓரமாக நிற்கும், சும்மா தொங்கிக்கொண்டு கூட்டாளிக்குக் கயிறு விடும்போதுதான் வந்து உட்காரும். அப்போது 900 மீட்டரை நினைத்தால் முடிந்தது கதை. இந்த ஆணி பிடிக்குமா, இந்த முடிச்சு சரியா, அடுத்த கால் எங்கே, அவ்வளவுதான்.

என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்களே. எல் கேப்பிட்டன் உச்சிக்குப் பின்பக்கமாக நடந்தே போக நல்ல பாதை இருக்கிறது. அதனால் உச்சியில் நிற்பதற்காக ஒருவரும் சுவரில் ஏறுவதில்லை. டாமி கால்ட்வெல்லும் கெவின் ஜார்ஜிசனும் அங்கே டான் வால் என்ற சுவரில் 2014 டிசம்பர் கடைசியில் ஏற ஆரம்பித்து, 19 நாள் இருந்து, 2015 ஜனவரியில் முடித்தார்கள். டாமிக்கு இடது ஆள்காட்டி விரலில் பாதி கிடையாது, ரம்பத்தில் போய்விட்டது. பாதிச் சுவரில் ஒரே இடத்தில் கெவின் நாள் கணக்காக விழுந்துகொண்டே இருந்தார், டாமி கடந்துவிட்டார். தனியாகப் போயிருந்தால் பெயர் டாமிக்கு மட்டும். காத்திருந்து கெவினையும் சேர்த்துக்கொண்டுதான் ஏறினார். நாலும் தெரிந்தவரே, ஐகர் கதை உண்மைதான், மறுக்கவில்லை, ஆனால் இதுவும் நடந்ததுதானே.

நாலும்தெரிந்தவன் எழுதியது:

நடந்தது சரி. அவன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

பனங்காட்டுப்பிள்ளை எழுதியது:

அது நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் அப்பா மரத்தில் இருக்கிறார் என்று அம்மாவுக்கு எப்போதும் தெரியும், எந்த மரம் என்றுகூடத் தெரியும். அண்ணே, அவனைத் தடுக்கிறீர்களோ இல்லையோ, ட்ரெக்கிங் என்று சொல்லி ஏமாற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் பாதியில் திரும்பி வந்த நாள் ஏதாவது உண்டா என்று கேளுங்கள். அப்படி ஒரு நாளே இல்லை என்றால் எனக்குக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருக்கும்.

உப்புக்காற்று எழுதியது:

கேட்டுவிட்டேன். போன மழைக்காலத்தில் சாவனதுர்காவில் பாதி ஏறியபிறகு பாறை நனைந்துவிட்டதாம், கூட வந்தவர்கள் கேலி செய்தும் இவன் இறங்கிவிட்டானாம். முடிச்சு போடுகிறாயா என்று கேட்டதற்கு, "உனக்கு எப்படிண்ணே இதெல்லாம் தெரியும்?" என்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான், சித்தியிடம் அவன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறான், ஆனால் நானும் பக்கத்தில் இருக்க வேண்டுமாம், சுவரை விட அதுதான் பயமாக இருக்கிறதாம்.