மறு: ஹேண்ட்லோடிங் – ‘கையேற்றம்’ சரியா?

அன்புள்ள அண்ணாச்சி,

> லோடிங் என்றால் ஏற்றம். அப்போது ஹேண்ட்லோடிங் கையேற்றம்தானே?

நம் துப்பாக்கிக் கலைச்சொல் பட்டியலில் ஹேண்ட்லோடிங் என்பது தோட்டாவை ஆலையில் வாங்காமல் கையாலேயே செய்வது. எனக்கு ‘ஏற்றம்’ என்றதும் மார்த்தாண்டம் சந்தையில் வாழைக்குலை ஏற்றும் லாரிதான் கண்ணில் வருகிறது. துப்பாக்கிக்குள் தோட்டாவைப் போடுவதற்கும், அந்தத் தோட்டாவையே செய்வதற்கும் ஆங்கிலத்தில் லோடு என்ற ஒரே சொல். நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து வாங்க வேண்டும்?

வேலை என்னவென்று பார்ப்போம். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டின் அடியிலிருந்து பழைய ‘கேப்’பை (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டி எடுக்கிறார்கள். வெடித்த அழுத்தத்தில் விரிந்துபோன கூட்டை அச்சில் நுழைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். புதுக் கேப்பு, எடைபோட்ட வெடிமருந்து, கடைசியாகக் கூட்டின் வாயில் குண்டு. இதில் எங்கே ஏற்றம்?

போன வாரம் இதற்கு ‘கெட்டித்தல்’ (இடித்து இறுக்குவது) என்று சொன்னது நான்தான். இப்போது திரும்பப் பெறுகிறேன். சின்ன வயதில் கோயிலில் கதினா (மருந்து அடைத்து வெடிக்கும் இரும்புக் குழல்) நிறைப்பதைப் பார்த்தவன்; மருந்துக்கு மேல் செங்கல்பொடி போட்டு இரும்புக் கம்பியால் இடிக்கிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த நினைப்பில் சொல்லிவிட்டேன். கதினாவுக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும், உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாய் காலத்தில் வார்த்த பீரங்கிக்கும் அது பொருந்தும். பித்தளைக் கூட்டில் இடுவது புகையில்லா மருந்து. அதை யாரும் இடிப்பதில்லை. தராசில் நிறுத்து, பேசாமல் கொட்டுகிறார்கள். கொஞ்சம் கூடினாலே அழுத்தம் எகிறும். ‘கெட்டி’ என்று எழுதிவைத்தால் படிப்பவன் கம்பியைத் தேடுவான்.

அதனால் என் வாக்கு ‘கட்டு’தலுக்கு. தோவாளையில் பூ கட்டுகிறார்கள், நம் பக்கம் ஓலைவெடி கட்டுகிறார்கள். பல உருப்படிகளைச் சேர்த்து ஒன்றாக்குவதுதானே கட்டுவது? ‘கைக்கட்டு’ என்றுதான் முதலில் எழுதினேன். நம் குழுவின் டீச்சர் சிரித்துவிட்டார்: “அது வர்ம ஆசான் போடுற கட்டுல்லா!” நியாயம்தான். கையை விட்டுவிடுவோம்: தோட்டாக்கட்டு. சுட்ட கூட்டையே திரும்பப் பயன்படுத்தினால் மறுகட்டு. கடையில் வாங்குவது ஆலைத் தோட்டா.

உறுப்புகளின் பெயரில் ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. ‘உடலிலிருந்து தோட்டா அகற்றம்’ என்று செய்தித்தாள் எழுதுகிறது. உடலில் இருந்தது குண்டு. கூடு, கேப்பு, மருந்து, குண்டு நான்கும் சேர்ந்த முழு உருப்படிதான் தோட்டா. பட்டியலில் இதைக் கலக்கவே கூடாது.

குண்டு, மருந்தின் எடையைச் சொல்லும் கிரெயின் என்ற அளவை ‘நெல்’ ஆக்க வேண்டாம். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், தட்டான் சொல்லும் நெல்லெடை வேறு அளவு. 55 கிரெயின் குண்டு என்றால் சுமார் மூன்றரை கிராம், அவ்வளவுதான்.

அப்புறம் ‘வார்மின்ட் ரைபிள்’. தம்பி அதை ‘வர்மத் துப்பாக்கி’ என்று எழுதியிருந்தார், நம் ஊருக்கு ஏற்ற பிழை! அது வெர்மின் (தொல்லை விலங்கு) என்பதன் பேச்சு வடிவம். அமெரிக்கப் பண்ணைகளில் வளை தோண்டும் கிரவுண்ட்ஹாக், கொயோட்டி போன்றவற்றைச் சொல்வது. குண்டு சிறிது, வேகம் பெரிது: 1935-இல் வந்த .220 ஸ்விஃப்ட் தோட்டாவின் குண்டு நொடிக்கு 4000 அடியைத் தாண்டியது. ‘பயிர்க்காவல் துப்பாக்கி’ என்றால் நம் 1959 ஆயுதச் சட்டத்தில் பயிர்க்காப்புக்கென்று வரும் வாய்வழி மருந்திடும் துப்பாக்கியோடு மோதும். ஆகவே ‘பயிர்க்காவல் ரைபிள்’. ரைபிள் அப்படியே இருக்கட்டும், குழலுக்குள் புரி இருப்பதை அந்தச் சொல்லே காட்டிவிடும்.

அதே சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம் என்பதையும் பட்டியலின் தலையில் ஒரு வரி போட்டுவிடலாம். நாம் சொல் கட்டுகிறவர்கள் மட்டும்தான்.

மிச்சம் ஒன்று. குண்டை அமர்த்தியபின் கூட்டின் வாயை லேசாக உள்ளே மடிப்பதற்கு டீச்சர் ‘வாய்நெரிப்பு’ என்கிறார். எனக்கு அது கழுத்தைப் பிடிப்பது மாதிரி இருக்கிறது. தகர டப்பா அடிக்கிறவர்கள் விளிம்பை மடிப்பதற்கு என்ன சொல்கிறார்கள்? கோட்டாறு பக்கம் போகிறவர்கள் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.