பாதியில் நின்ற கால்பந்துப் போட்டி: தினக்கூலிக்கு வந்தவர்களுக்கு மிச்ச நாள் கூலி கொடுக்க வேண்டுமா?

பாளைப்_பொருளாளர்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு ஊர் எங்களுடையது, பெயர் வேண்டாம். கிளப்பில் நான் இந்த வருஷம்தான் பொருளாளர் ஆனேன். வருஷா வருஷம் கோடை லீவில் மின்னொளி கால்பந்துப் போட்டி நடத்துவோம். சுழற்கோப்பை, ரொக்கப் பரிசு, கேலரி, மைக் செட் எல்லாம் உண்டு. இந்தத் தடவை கால் இறுதிக்கு முந்தின நாள் பக்கத்து ஊர்க் கோயில் கொடையில் அடிதடி ஆகிவிட்டது, போலீஸ் சுற்று வட்டாரத்தில் ராத்திரி நிகழ்ச்சி எதுவும் கூடாது என்று அனுமதியை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஆட்டக்காரர்களோ கூட்டமோ ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனாலும் போட்டி அதோடு நின்றுவிட்டது.

என் கேள்வி ஆட்டக்காரர்களைப் பற்றி இல்லை. கோடு போட்டு வலை கட்டுகிற பெரியவர், அவருக்கு ஒத்தாசைக்கு வருகிறவர்கள், கேட்டில் டிக்கெட் கிழிக்கிறவர்கள், ராத்திரி கேலரிக்குக் காவல் படுக்கிறவர், ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிற பையன், கூட்டிப் பெருக்குகிற அக்காமார் என்று மொத்தம் 14 பேர். ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு 500 ரூபாய் பேச்சு. நடந்த ஆட்டங்களுக்கு அன்றன்றைக்கே கையில் கொடுத்தாயிற்று, அதில் பாக்கி கிடையாது. மிச்சம் இருந்தது கால் இறுதி இரண்டு ராத்திரி, அரை இறுதி இரண்டு, பைனல் ஒன்று. அந்த 5 ராத்திரிக்குக் கூலி உண்டா இல்லையா என்பதுதான் இப்போது சண்டை. கமிட்டியில் எல்லோரும் "ஆட்டம் இல்லை, கூலி இல்லை, இதில் பேச என்ன இருக்கு" என்கிறார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. பெருக்குகிற அக்காமாரில் ஒருவர் பீடி சுற்றுகிறவர். போட்டி முடிகிறவரைக்கும் வர வேண்டும் என்று செயலாளர் வீட்டுக்கே போய்ச் சொன்னதால், கடையில் இலையும் தூளும் பாதிதான் வாங்கியிருக்கிறார். இப்போது இந்தப் பக்கம் 500 ரூபாயும் இல்லை, அந்தப் பக்கம் ஆயிரம் பீடிக்குக் கிடைக்கிற கூலியும் இல்லை. அவர் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. மற்ற கிளப்புகளில் என்ன செய்கிறீர்கள்? சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா?

கோட்டுக்காரர்_மகன்

எங்கள் அப்பா இதே வேலையை ரொம்ப காலம் செய்தவர், அதனால் சொல்கிறேன். ஆட்டம் ராத்திரி எட்டு மணிக்கு என்றால் அப்பா மதியம் சாப்பிட்ட கையோடு மைதானத்துக்குப் போய்விடுவார். முதலில் குனிந்தபடியே ஒரு சுற்று. முந்தின ராத்திரி கூட்டம் போட்டுவிட்டுப் போன பாட்டில் சில்லு, ஆணி, கருவேல முள் எல்லாம் பொறுக்க வேண்டும், வெறுங்காலோடு ஆடுகிற பையன்களும் வருவார்கள் இல்லையா. அப்புறம் தண்ணீர் அடித்துப் புழுதியை அடக்கி, கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு. மூலையில் அந்தக் கால்வட்டத்தைக் கயிற்றின் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டே சுற்றிப் போடுவார். கோடு கொஞ்சம் கோணினாலும் கேலரியில் இருந்து சத்தம் போடுவார்கள். சுண்ணாம்பில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ராத்திரி வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் சோறு பிசைவார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 500 ரூபாய் அந்த ரெண்டு மணி நேர ஆட்டத்துக்கு இல்லை. அந்த மாதம் முழுக்க வேறு சோலிக்குப் போகாமல் அவர் உங்களுக்காகக் காத்துக் கிடக்கிறார், அதற்கும் சேர்த்துத்தான். கொத்தனார் கூப்பிட்டால் "கிளப்புல மேட்ச் இருக்கு"ன்னு சொல்லி அனுப்பிவிடுவார். ஆட்டம் நின்ற மறுநாள் அதே கொத்தனாரிடம் போய் நின்றால் அங்கே வேறு ஆள் சேர்ந்திருப்பான். உங்கள் பீடி அக்கா கதையும் இதேதான். முழுசாகக் கொடுக்க முடியாவிட்டாலும் பாதிக்குக் குறையக் கூடாது என்பது என் எண்ணம்.

ஆன்ஃபீல்டு_நெல்லை

தம்பி, இதே கேள்வி 2020இல் இங்கிலாந்தையே உலுக்கியது. கொரோனாவால் மார்ச் 13 அன்று அவர்களுடைய பெரிய கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக் நின்றது. அரசாங்கம் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற ஊழியர் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை, தானே தருகிறோம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நொடிந்து போகிற சின்னக் கம்பெனிகளுக்குத்தான் இது உதவும் என்று எல்லோரும் நினைத்தால், நியூகாசில், டாட்டன்ஹாம், போர்ன்மவுத், நார்விச் என்று கிளப்புகள் வரிசையாகப் போய்க் கை நீட்டின. நான் உயிராக நினைக்கிற லிவர்பூலும் ஏப்ரல் 4 அன்று அதையே அறிவித்தது. அன்றைக்கு நான் பட்ட வேதனை கொஞ்சமில்லை. தொழிலாளர் ஊரின் கிளப் அது, ரசிகர்கள் விடுவார்களா? பழைய ஆட்டக்காரர்களும் சேர்ந்து கேட்ட கேள்வியில் ரெண்டே நாளில் முடிவை மாற்றி, கிளப்பின் தலைமை அதிகாரி மன்னிப்புக் கடிதம் எழுதினார். டாட்டன்ஹாமும் அந்த மாதமே பின்வாங்கியது.

உங்கள் விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமானது மான்செஸ்டர் யுனைடெட் செய்தது. பிடிக்காத கிளப்தான், ஆனால் நல்லது செய்தால் சொல்ல வேண்டும். ஆட்ட நாளுக்கு மட்டும் வருகிற தற்காலிக ஆட்கள் அவர்களுக்குச் சுமார் 3,000 பேர், கேட்டில் நிற்கிறவர்கள், கவுண்டர்காரர்கள் எல்லாம் சேர்த்து. மிச்ச ஆட்டங்கள் ரத்தானாலும் சரி, ஆள் இல்லாத மைதானத்தில் நடந்தாலும் சரி, அவர்களுக்குக் கூலி உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அந்த ரெண்டாவது பாதியைக் கவனியுங்கள். ஜூன் 17 அன்று லீக் திரும்ப ஆரம்பித்தது, டிவியில் நாம் எல்லோரும் பார்த்தோம், ஆனால் கேலரி காலி. ஆட்டக்காரருக்கு வேலை வந்துவிட்டது, கேட் ஆளுக்கு வரவில்லை. ஆட்டம் நின்றால் மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்று நினைக்கக் கூடாது.

நம் பக்கமே பாருங்களேன். 2020இல் டிஎன்பிஎல் என்கிற தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் நடக்கவில்லை. 2021இல் நடந்தது, ஆனால் எல்லா ஆட்டமும் சேப்பாக்கத்தில். அந்த ஆட்டங்கள் நடந்துவந்த நம் திருநெல்வேலி சங்கர் நகர் மைதானத்துக்கு வெளியே பார்க்கிங், தண்ணீர், டீ என்று அந்த நாட்களை நம்பியிருந்தவர்களுக்குப் போட்டி திரும்ப வந்தும் பிரயோஜனம் இல்லை. 2025 ஜூலையில் ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தை நிறுத்தி வைத்த பிறகு பெங்களூரு எஃப்சி ஆட்டக்காரர் சம்பளத்தையே நிறுத்தியது எல்லா பேப்பரிலும் வந்தது. மைதானத்தில் தினக்கூலிக்கு வருகிறவன் பற்றி ஒரு வரி நான் எங்கேயும் படிக்கவில்லை.

வடக்கூர்_செயலாளர்

நானும் கிளப் நடத்துகிறவன், எதிர்த்துத்தான் பேசப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மான்செஸ்டருக்கு டிவி துட்டு கொட்டுகிறது. நமக்கு என்ன வருகிறது? நாலு கடைக்காரர் நன்கொடை, டீம்களின் நுழைவுக் கட்டணம், கேட் வசூல், அவ்வளவுதான். அதுவும் கால் இறுதியில் இருந்துதான் கேட்டில் நல்ல கூட்டம் வரும், அந்த வசூலே உங்களுக்குப் போய்விட்டது. கேலரிக் கம்புக்காரனுக்கும் மைக் செட்டுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கும் பாக்கி நிற்கும், அவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு தடவை ஆட்டம் இல்லாமல் கொடுத்தால் அடுத்த தடவை மழை பெய்தாலும் கேட்பார்கள். கிளப்பை இழுத்து மூடிவிட்டால் அப்புறம் அந்த 500 ரூபாயும் யாருக்கும் கிடைக்காது. முடிந்தவர்கள் கமிட்டியில் கைக்காசு போட்டு ஆளுக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள், அது போதும்.

தொழிற்சங்க_வேலு

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டீர்கள். நேராகச் சொன்னால் உங்கள் ஆட்களுக்கு அது பெரிதாக உதவாது. வேலை இல்லாத நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி இழப்பீடு உண்டு என்று 1947ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் அது 50 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலை, சுரங்கம், தோட்டம் மாதிரி இடங்களுக்கு, அங்கேயும் ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த நிரந்தர ஆளுக்கு. வராதவருக்குப் பதிலாக வருகிற பதிலி ஆளையும் தற்காலிக ஆளையும் பெயர் சொல்லியே வெளியே நிறுத்திவிட்டார்கள். யாருக்கு மறுநாள் சோறு உறுதி இல்லையோ அவனைத்தான் சட்டம் விட்டுவிட்டது, எனக்கு இதில் பல வருஷமாக ஆத்திரம். ஊரடங்கிலும் இப்படித்தான், 2020 மார்ச் 29 அன்று யாருக்கும் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது, மே 18இல் இருந்து அந்த உத்தரவே இல்லை. முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் ஒன்று இருக்கிறது. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், 1872 ஒப்பந்தச் சட்டம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்பதில்லை. செயலாளர் வீட்டுக்குப் போய் "போட்டி முடிகிறவரைக்கும் வாங்க" என்று சொல்லியிருக்கிறார் என்றீர்களே, "ஆட்டம் நடந்தால் கூலி" என்று சொன்னாரா, இல்லை முழுப் போட்டிக்கும் ஆளைப் பிடித்தாரா? ரெண்டாவது என்றால் கமிட்டி அவ்வளவு சுலபமாகக் கை கழுவ முடியாது. போலீஸ் நிறுத்தியதால் முழுக் கூலி கேட்டு வழக்காடுவது கஷ்டம், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்வது கமிட்டியில் வாதாட உங்களுக்கு ஒரு பிடி, அவ்வளவுதான்.

கிளப் பதிவான சங்கம் என்றால் கமிட்டியோடு விடாதீர்கள், பொதுக்குழுவில் வையுங்கள். பத்துப் பேர் கூடி மறுப்பது வேறு, அந்த அக்காவின் தெருக்காரர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மறுப்பது வேறு. அப்புறம் வடக்கூர் அண்ணாச்சி, கம்புக்காரனும் மைக் செட்டும் வாசலில் வந்து நிற்பார்கள் என்றீர்கள். வந்து நிற்கத் தெரிந்தவனுக்கு முதலில் கொடுப்பது, நிற்கத் தெரியாதவனுக்கு இல்லை என்பது, இது சரியா?

பாளைப்_பொருளாளர்

எல்லோருக்கும் நன்றி. வேலு அண்ணாச்சி கேட்டதற்காக நேற்று செயலாளரிடமே போய்க் கேட்டேன். முழுப் போட்டிக்கும் என்றுதான் சொன்னாராம், ஆட்டம் நின்றால் என்ன என்று பேச்சே வரவில்லையாம்.

கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். 14 பேர், 5 ராத்திரி, 500 ரூபாய் என்றால் 35,000. பாதி என்றால் 17,500. பைனல் நடக்காததால் முதல் பரிசு 40,000, இரண்டாம் பரிசு 25,000, ரெண்டும் அப்படியே பேங்கில் கிடக்கிறது. கமிட்டி அதை அடுத்த வருஷம் ஜெர்ஸிக்கும் வலைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. கால் இறுதிக்கு வந்த 8 டீமும் அதில் பங்கு கேட்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. பரிசு கொடுத்தவர்கள் ரெண்டு பேரிடமும் போனில் பேசிவிட்டேன். ஒருவர் "என் பெயரில் அந்தப் பிள்ளைகளுக்குக் கூலி போனா எனக்குச் சந்தோஷம்தான்" என்றார். இன்னொருவர் யோசித்துச் சொல்கிறேன் என்கிறார். வருகிற ஞாயிறு பொதுக்குழு. பாதிக் கூலி என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறேன், மீதியை டீம்களுக்குப் பிரிக்கலாம். கமிட்டியில் ஒருவர் மட்டும் வேறு வழி சொல்கிறார், இந்த 17,500ஐ அடுத்த வருஷக் கூலிக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்கிறார். எல்லோரும் அதற்குச் சம்மதிப்பார்கள் போலத் தெரிகிறது. அது பரவாயில்லையா?

வடக்கூர்_செயலாளர்

பரிசுத் தொகை கையில் இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். கொடுங்கள் தம்பி. நன்கொடைக்காரர்களிடம் மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோட்டுக்காரர்_மகன்

முன்பணம் மட்டும் வேண்டாம், தயவுசெய்து. முன்பணம் என்றால் கடன். அடுத்த வருஷம் அந்தப் பெரியவர் 5 ராத்திரி பாதிச் சம்பளத்துக்குக் குனிந்து கோடு போட வேண்டியிருக்கும். நடுவில் உடம்புக்கு முடியாமல் போனால் துட்டு வாங்கிவிட்டு வரவில்லை என்று ஊர் பேசும். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறோம். தீர்மானத்தில் "நின்றுபோன ஆட்டங்களுக்கான கூலி" என்று எழுதி, ஒவ்வொருவர் கையிலும் நேராகக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அதே தீர்மானத்தில் அடுத்த வருஷத்துக்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ஆட்டம் நின்றால் பாதிக் கூலி, அன்று மதியத்துக்குமேல் நின்றால் முழுக் கூலி. ஏனென்றால் அதற்குள் அவர் மைதானத்தில் வேலையை ஆரம்பித்திருப்பார்.